கெவுளி

“சரி தம்பி, உங்க சவுகரியம்.”

ஆச்சி சொன்னது இந்த நாலு வார்த்தைதான். கோபம் இல்லை, குத்தலும் இல்லை. சொல்லிவிட்டு, மடியில் இருந்த சீப்புச் சீடைத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். வீட்டில் வந்து சொன்னபோது, “இதுல என்ன இருக்கு?” என்று என் மனைவி கேட்டாள். ஒன்றும் இல்லைதான். ஆனால் விடுதியாக்கிய ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில், பதினோரு வருடமாக விருந்தாளிகளின் சவுகரியத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன். என் சவுகரியத்துக்காக ஒரு விருந்தாளி விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான். அது என் சவுகரியம் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதும் எனக்குப் புரியவில்லை.

போன மார்கழியில் நடந்தது. ஆச்சியின் மகள் சிங்கப்பூரிலிருந்து முன்பதிவு செய்திருந்தார். மூன்று நாள், நாலு அறை, ஒரு மாலை பிள்ளைகளுக்குப் படம். எங்கள் முதலாளி அப்போதுதான் புரொஜெக்டர் வாங்கியிருந்தார். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், திரை கட்டிப் படம் போடுவதைப் போட்டோ எடுத்துப் போடவேண்டும் என்று தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தார். என்ன படம் என்பதை அந்த அம்மா என்னிடமே விட்டுவிட்டார். “ஃபேமிலியா பார்க்கிற மாதிரி ஏதாவது” என்று மட்டும் எழுதியிருந்தார்.

படத்தைத் தேர்ந்தெடுத்தது நான். 2025 மார்ச்சில் வந்த ‘ஸ்னோ ஒயிட்’. டிஸ்னி தன்னுடைய பழைய கார்ட்டூன் படத்தையே மனிதர்களை வைத்து மறுபடி எடுத்தது. ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்றால், அதில் ஒரு கண்ணாடி வருகிறது. எங்கள் முகப்பிலும் ஒரு பெல்ஜியம் கண்ணாடி இருக்கிறது, ஆள் உயரத்துக்கு மேல், ஓரங்களில் ரசம் போய்க் கரும்புள்ளி விழுந்தது. படத்தில் ராணி கண்ணாடியைப் பார்த்துக் கேட்பாள், படம் முடிந்ததும் பிள்ளைகளை நம் கண்ணாடி முன் நிறுத்திப் படம் எடுக்கலாம், முதலாளிக்குக் கொள்ளை சந்தோஷமாக இருக்கும். என் மூளை அப்படித்தான் ஓடியது. படத்தை நான் பார்த்திருக்கவில்லை. கண்ணாடி இருக்கிறது, அது போதும் என்று நினைத்தேன்.

மாலை ஏழு மணிக்குத் திரை கட்டிக்கொண்டிருந்தோம். திரை என்றால் இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்தது. ஆச்சி பட்டாலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கேட்டார்.

“தம்பி, புள்ளைகளை இந்த வளவுல உக்கார வச்சு ஒரு கதை சொல்லணும்னு நெனச்சேன். எங்க ஆயா எனக்கு இப்படித்தான் சொல்லுவாக.”

“படம் முடியட்டும் ஆச்சி. அப்புறம் நிதானமாச் சொல்லலாம்.”

“முடிய எத்தன மணி ஆகும்?”

“ஒம்போதரைக்குள்ள முடிஞ்சிரும்.”

“புள்ளைக தூங்கிருமே.”

“பிள்ளைகளுக்கான படம்தான் ஆச்சி. ரொம்ப நல்ல படம்.”

அதற்குத்தான் அவர் அந்த நாலு வார்த்தையைச் சொன்னார்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பணம் கட்டியது மகள். அவர் கேட்டது படம். அரை மணி நேரம் தள்ளிப் போட்டிருக்கலாமே என்றால், எட்டரைக்கு இலை போட வேண்டும், சமையல் அண்ணனுக்கு ஒன்பதே முக்காலுக்குக் கடைசி பஸ். (அன்றைக்கு எப்படியும் படம் முடிந்துதான் இலை போட்டோம், அவரை நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அது வேறு விஷயம்.) அப்புறம், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொன்னால் எவ்வளவு புரியும்? பத்து நிமிடத்தில் நெளிய ஆரம்பித்து, ஆச்சிதான் மனம் நொந்துபோவார். அவரை அதிலிருந்து காப்பாற்றினேன் என்றுகூட அன்று எனக்குத் தோன்றியது.

சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஒரு பாடம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. காலையில் ஆச்சியின் பேரன் என்னிடம், “அண்ணே, கிணத்துல ஆமை இருக்கா?” என்று கேட்டதும் தமிழில்தான்.

படம் ஆரம்பித்தது. 109 நிமிடம். அதன் மூலமான 1937ஆம் வருடத்துக் கார்ட்டூன் 83 நிமிடம்தான். கூடுதல் நேரத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்றால், நிறையப் பாட்டு. இளவரசனை எடுத்துவிட்டு ஒரு திருடர் கூட்டத் தலைவனை வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தப்பாகப் படவில்லை, இளவரசன் அந்தக் கதையில் எப்போதும் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்கிற ஆள்தான். அந்தப் பெண்ணும் நன்றாகவே பாடுகிறாள். என்னால் பார்க்க முடியாமல் போனது ஏழு குள்ளர்களைத்தான். சுற்றிலும் நிஜ மனிதர்கள், இவர்கள் ஏழு பேர் மட்டும் கம்ப்யூட்டரில் செய்தவர்கள். தோலில் சுருக்கம் இருக்கிறது, மயிர்க்கால்கூடத் தெரிகிறது, ஆனால் உயிர் இல்லை. ஏழு வயதுப் பேத்தி அம்மாவிடம், “இவங்க மட்டும் ஏன் பொம்மை?” என்று கேட்டாள். அம்மா போனிலிருந்து தலையைத் தூக்காமல் “உம்” என்றார். இந்தப் படத்துக்கு 20 கோடி டாலருக்கு மேல் செலவானதாம். அந்தக் குழந்தை கேட்டதை ஸ்டுடியோவில் ஒருவராவது கேட்டிருக்க மாட்டாரா?

பிறகு நான் மூலக்கதையைத் தேடிப் படித்தேன். கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்டது. அதில் அந்தப் பெண்ணுக்கு ஏழே வயது. ராணி ஒருமுறை அல்ல, மூன்று முறை வருகிறாள். முதலில் இடுப்புக் கயிற்றை இறுக்குகிறாள், அடுத்து விஷச் சீப்பு, கடைசியில்தான் ஆப்பிள். அவள் எழுந்திருப்பதும் முத்தத்தால் அல்ல. பெட்டியைத் தூக்கித் தூக்கிச் சலித்த வேலைக்காரன் ஒருவன் கோபத்தில் அவள் முதுகில் ஓர் அடி வைக்க, தொண்டையில் சிக்கிய துண்டு வெளியே வந்துவிடுகிறது. முடிவில் ராணி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு செத்து விழும்வரை ஆடுகிறாள். ஒரு கிழவி இருட்டில் உட்கார்ந்து சொல்ல வேண்டிய கதை. மூன்று முறை வருகிறாள் என்றால், மூன்று முறையும் “திறக்காதே, திறக்காதே” என்று பிள்ளைகள் கத்துவார்கள் இல்லையா?

இதைச் சொல்லிக் குறைபடுகிற தகுதி எனக்கு இருக்கிறதா என்பதும் சந்தேகம்தான். யாரோ ஒரு ஆச்சிக்கு அவர் வீட்டில் வைத்த சீர்ச் சாமான்கள் அடுக்கியிருந்த அறையில் இப்போது ஷவர் இருக்கிறது, கதவைத் திறந்து காட்டி “நூறு வருஷத்துத் தேக்கு” என்று சொல்கிறேன். கண்டாங்கிச் சேலையை நீளவாக்கில் வெட்டிச் சாப்பாட்டு மேசையில் விரித்திருக்கிறோம். எங்கள் பிழைப்பும் பழசைப் புதுசாக எடுப்பதுதான். ஆனாலும் வீடு இடியாமல் நிற்கிறதே, அதற்கு யார் காரணம் என்று உடனே பதில் வந்துவிடுகிறது. இந்தப் பதில் வருகிற வேகம்தான் எனக்கே பிடிப்பதில்லை.

எங்கே விட்டேன்? படம் பாதி தாண்டியிருந்தது. பையன் தூணைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். பெரியவள் பாப்கார்னை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்போது திரையில் ராணியின் முகம் பெரிதாக வந்தது. அதன் மேல் ஒரு பல்லி ஏறியது.

தாடையில் தொடங்கி மூக்கு வழியாகக் கிரீடத்துக்குப் போனது. பிள்ளைகள் மூன்றும் கெக்கலி கொட்டிச் சிரித்தன. அன்று மாலை அவர்கள் சிரித்தது அப்போதுதான். பல்லி கிரீடத்தில் நின்று “ச்சு ச்சு ச்சு” என்றது.

“கெவுளி சொல்லுது பாரு,” என்றார் ஆச்சி.

“சொல்லுதா? என்ன சொல்லுது?”

“அது எந்தப் பக்கம் இருந்து சொல்லுதுங்கறதப் பொறுத்து. ஒரு தடவ எங்க ஐயா பர்மாவுக்குக் கப்பலேறக் கெளம்புறாக, வாசப்படியில கால வைக்கிறாக, இதே மாதிரி ஒண்ணு...”

பையன் தூணை விட்டுவிட்டு வந்து ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தான். பேத்தி மடியில் ஏறினாள். யாரும் திரையைப் பார்க்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், வேலைக்கார வீரனாக ஓடிப்போய் எங்கள் விடுதி வேலைப் பையனை அழைத்து ஒட்டடைக் கம்பால் பல்லியை விரட்டச் சொன்னேன். “சாரி மேடம், டிஸ்டர்பன்ஸ்” என்று மகளிடம் மன்னிப்பும் கேட்டேன். கம்பு பட்டுத் திரை ஆடியது, ராணியின் முகம் கோணியது, பல்லி உத்தரத்துக்குள் போய்விட்டது. எல்லாரும் மறுபடி திரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். ஆச்சியும்தான். ஐயா கப்பல் ஏறினாரா இல்லையா என்று தெரியவில்லை.

நான் அதைக் கவனிக்கவே இல்லை என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கவனித்தேன். “ஒரு தடவ எங்க ஐயா” என்பது என் காதில் விழுந்தது. அது கதை என்றும் தெரிந்தது. ஆனால் என் கண் புரொஜெக்டர் வெளிச்சத்தில் இருந்தது. படம் ஒழுங்காகப் போக வேண்டும், அவ்வளவுதான். யாரும் பார்க்காத படம் எதற்கு ஒழுங்காகப் போக வேண்டும் என்று தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை கிளம்பும்போது கார் வரைக்கும் ஆச்சியின் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். கேட்டிருக்கலாம். “பணியாரத்துல உப்பு சரியா இருந்துச்சா ஆச்சி?” என்று கேட்டேன். “நல்லா இருந்துச்சு தம்பி” என்றார். கண்ணாடி முன் போட்டோவும் எடுத்தோம். பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், ஆச்சி ஓரத்தில், அவர் முகத்தில் பாதி கரும்புள்ளிக்குள் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார். ‘பிள்ளைகள் வளவில் படம் பார்த்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்’ என்று இருந்தது. முதலாளி அதை எனக்கு இரண்டு முறை அனுப்பினார். பிள்ளைகள் பேசுவது படத்தைப் பற்றியா, பல்லியைப் பற்றியா என்று அதில் இல்லை. ஒருவேளை நான்தான் எல்லாவற்றையும் பெரிதுபடுத்துகிறேனோ என்னவோ.

இப்போது சனிக்கிழமை தோறும் வளவில் படம். திரை கட்டி முடித்ததும், நான் சொல்லாமலே வேலைப் பையன் ஒட்டடைக் கம்பைக் கொண்டுவந்து தூணில் சாய்த்து வைக்கிறான். வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை.