14 ‘ஏனோ’

முதல் 6 கதைகளுக்கும் ஒரே பதில்தான்: ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.’ அது பழகிவிட்டது. குறிப்பாக யாருக்கும் எழுதாத கடிதம் அது, ஒரு நாள் வலிக்கும், அவ்வளவுதான். ஏழாவது கதைக்கு வந்தது வேறு. ஓர் ஆசிரியர் முழுசாகப் படித்துவிட்டு எழுதிய 4 வரி. “கதை நான்காம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. அதுவரை நீங்கள் உங்கள் தமிழை நீங்களே ரசித்துக்கொண்டிருக்கிறீர்கள். பாத்திரங்கள் அழுகிறார்கள், ஏனென்று தெரியவில்லை. உங்களுக்குக் கதை சொல்ல வருமா என்று யோசியுங்கள்.”

இரண்டு மாதம் எதுவும் எழுதவில்லை. மனசுக்குள் மட்டும் அவருக்குப் பதில் கடிதம் ஓடிக்கொண்டே இருந்தது. குளிக்கும்போது ஒன்று, தூக்கம் வராதபோது இன்னும் காட்டமாக ஒன்று. நல்ல வேளை, எதையும் அனுப்பவில்லை. ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நாவலை 12 பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கதையைச் சொல்லி நண்பர்கள் தேற்றினார்கள். (எழுதுகிற எவரும் இந்தக் கதையிலிருந்து தப்ப முடியாது.) எனக்கு எரிச்சல்தான் வந்தது. திருப்பியவர்கள் எல்லாரும் மடையர்கள் என்று நினைத்துக்கொள்ள அது வசதி. என் நான்காம் பக்கத்துக்கு அதில் மருந்தில்லை.

ஒருநாள் ராத்திரி, அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான், பென்சிலோடு உட்கார்ந்தேன். நாலு வரியையும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதினேன். கடைசி வரி என்னைப் பற்றியது. அதை வைத்துக்கொண்டு கதையில் ஒரு வாக்கியத்தைக்கூடத் திருத்த முடியாது. அடித்துவிட்டேன். மற்ற மூன்றும் கதையைப் பற்றியவை. வாய்விட்டுப் படித்தேன். முதல் மூன்று பக்கமும் மழை. கம்பியில் துளி, ஓட்டில் துளி, இலை நுனியில் துளி. மூன்றாம் பக்கத்தில் எனக்கே கொட்டாவி வந்தது. ‘ஏனோ’ மட்டும் 14 இடத்தில் இருந்தது. ‘ஏனோ அவளுக்கு அழுகை வந்தது.’ காரணம் எனக்கே தெரியாத இடத்திலெல்லாம் அந்தச் சொல்லை வைத்துப் பூசி மெழுகியிருக்கிறேன்.

ஒவ்வொரு ‘ஏனோ’வாக எடுத்துவிட்டுக் காரணம் தேடினேன். 9 இடத்தில் கிடைத்தது. மற்ற 5 இடத்தில் அழுகையையே வெட்டினேன். இதற்கே மூன்று வாரம் ஆனது. மழையும் போனது, இலை நுனித் துளி தவிர. அது நன்றாகத்தான் இருந்தது, இப்போதும் சொல்வேன்.

பிறகு ஒரு நோட்டுப் போட்டேன்: அனுப்பிய தேதி, எங்கே, என்ன பதில். ஒரு நேரத்தில் ஒரு பத்திரிகைக்கு மட்டும். திரும்பி வந்தால் அன்றைக்கே அடுத்த இடம். ஒரு நாள் தள்ளினாலும் மறுபடி பதில் கடிதம் எழுத ஆரம்பித்துவிடுவேன் என்று தெரியும்.

திருத்திய கதையையும் இரண்டு பேர் திருப்பினார்கள். மூன்றாமவர் எடுத்துக்கொண்டார். இதழ் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைத்தான் பார்த்தேன். அந்தத் துளியைக் காணோம்.