ஜிப்லாக் கவரும் என் எக்ஸ்.பி.எஸ் ரிசல்ட்டும்

பிளாஸ்மா (அயனியாக்கிய வாயு) கொடுத்த பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் ஃபிலிமின் மேல்பரப்பில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று காட்ட வேண்டும். ஆய்வேட்டில் அது ஒரு பத்திதான். அதற்கு எனக்கு நாலு மாதம் ஆனது.

முதலில் கைக்கெட்டியது ஏ.டி.ஆர், அதாவது அகச்சிவப்பு ஒளியால் பொருளில் என்னென்ன பிணைப்புகள் என்று பார்க்கும் முறை. பிளாஸ்மா பட்டதும் படாததும் ஒரே கோடாக வந்தன. "மெஷினை ஆன் பண்ணினியா?" என்றார் கைடு. ஆன் பண்ணத்தான் செய்தேன். ஏ.டி.ஆர் ஒரு மைக்ரான் அளவு ஆழம்வரை பார்க்கும். பிளாஸ்மா மாற்றுவதோ மேலாக்கச் சில நானோமீட்டர். அண்டா சாம்பாரில் பெருங்காயத்தைக் கண்ணால் தேடிய கதை.

கான்டாக்ட் ஆங்கிளில், அதாவது தண்ணீர்த் துளியின் ஓரம் பரப்போடு செய்யும் கோணத்தில், பலன் தெரிந்தது. சும்மா ஃபிலிமில் தண்ணீர்த் துளி முத்தாக நின்றது, 98 டிகிரி. பிளாஸ்மா பட்டதில் தட்டையாகப் படுத்துக்கொண்டது, 60. சரி, ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று துளி சொல்லாதே! அதற்கு எக்ஸ்.பி.எஸ் வேண்டும்: எக்ஸ்-ரே அடித்து, மேலாக்கிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை வைத்து எந்தத் தனிமம் என்று சொல்லும் மெஷின். அது வேறோர் ஊரில். மூன்று வாரம் கழித்து ஸ்லாட்.

இரண்டு ஃபிலிமையும் ஜிப்லாக் கவரில் போட்டு எடுத்துப் போனேன். 532 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் ஆக்சிஜன் பீக் ஜம்மென்று எழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மெஷின் பார்த்துக்கொண்ட அண்ணன் திரையில் 102-இல் விரலை வைத்தார்: "இது என்ன தம்பி, சிலிக்கான்?" பிளாஸ்மா படாத ஃபிலிமிலும் அதே பீக், கூடவே ஆக்சிஜனும். வெறும் கார்பனும் ஹைட்ரஜனுமான பாலிப்ரொப்பிலீனில் ஆக்சிஜனுக்கு என்ன வேலை? எங்கிருந்தோ சிலிகோன், அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த பாலிமர், ஒட்டியிருக்கிறது. அதில் ஒவ்வொரு சிலிக்கானுக்கும் ஓர் ஆக்சிஜன் உண்டு. நான் கொண்டாடியதில் எது பிளாஸ்மா, எது சிலிகோன் என்று பிரிக்கவே முடியவில்லை.

அடுத்த முறை அதே ரோலில் வெட்டி, கழுவிய கண்ணாடி பெட்ரி டிஷ்ஷில் வைத்தேன். சிலிக்கான் போயே போச்சு. கவர்தான் குற்றவாளி. ஆனால் ஆக்சிஜனும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. திரும்பி வந்து துளி வைத்தால் 79 டிகிரி! மூன்று வாரத்தில் பாலிமர்ச் சங்கிலிகள் புரண்டு ஆக்சிஜன் பக்கத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதைப் படித்திருந்தும் மறந்திருந்தேன்.

மூன்றாம் முறை, மாலையில் பிளாஸ்மா, ராத்திரி பஸ், காலையில் ஸ்லாட். 285-இல் கார்பன் பீக். அதன் தோளில் 286.5-லும் 289-லும் சின்ன மேடுகள், ஆக்சிஜனோடு சேர்ந்த கார்பன். அண்ணன் எதுவும் கேட்கவில்லை, டீ குடிக்கக் கூப்பிட்டார்.