பானைத் தண்ணி குளிராத நாள்

கட்டுமான சைட்டுல சேஃப்டி வேலைக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. இத்தன வருஷமும் நான் பயந்ததெல்லாம் உயரத்துக்கும் கரண்டுக்கும் கிரேனுக்கும்தான். வெயில்ங்கறது என் செக்லிஸ்ட்டுல கடைசி வரி, "குடிதண்ணீர் உள்ளதா"ன்னு ஒரு கட்டம் இருக்கும், டிக் அடிச்சுட்டு போயிடுவேன்.

2024 மே மாசம், சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு அடுக்குமாடி சைட்டு, மூணாவது தளத்துல ஸ்லாபுக்கு கம்பி கட்டிட்டு இருந்தாங்க. பீகார்ல இருந்து வந்த பையன், இருபத்தாறு வயசுதான், காலைல மீட்டிங்ல முன் வரிசைல நின்னு சிரிச்சுட்டு இருந்தவன், பதினொன்றரைக்கு மேல சம்பந்தமில்லாம ஏதேதோ பேச ஆரம்பிச்சிருக்கான், கூட இருந்தவங்க கூப்பிட்டு நான் படியேறி போறதுக்குள்ள கம்பி மேலயே சாஞ்சுட்டான். தொட்டா உடம்பு கொதிக்குது. நிழலுக்கு தூக்கிட்டு வந்து, சட்டைய கழட்டி, கான்கிரீட்டை நனைக்க போட்டிருந்த ஹோஸை திருப்பி அவன் மேல தண்ணி அடிச்சோம், ஜூஸ் கடைல இருந்து ஐஸ் வாங்கிட்டு வந்து அக்குள்லயும் கழுத்துலயும் வச்சோம், 108 வர்ற வரைக்கும் கை எடுக்கல. நாலு நாள் ஆஸ்பத்திரில கிடந்து பிழைச்சான்.

அன்னைக்கு போன்ல பார்த்தப்போ 36 டிகிரிதான் காட்டுச்சு. வேலூர் பக்கமெல்லாம் 41, 42 போகுது, நமக்கு 36 தானேன்னு நான் ரிப்போர்ட்டுல "காலை உணவு உண்ணாததால் மயக்கம்"னு எழுதினேன். யாரும் சொல்லி எழுதல, எனக்கே அப்படித்தான் தோணுச்சு. ஒரு மனுஷன் வெயில்ல சாகப் பார்த்ததை நான் பசின்னு எழுதி ஃபைல்ல வச்சுட்டேன், அது இன்னைக்கும் மனசை விட்டு போகல.

எனக்கு விஷயம் புரிஞ்சது எந்த ட்ரெயினிங்லயும் இல்ல. விழுப்புரம் பக்கத்துல இருந்து வர்ற ஒரு சித்தாள் அக்கா, தண்ணிப் பானை அவங்க பொறுப்பு. மறுநாள் தண்ணி குடிச்சுட்டு "என்னக்கா, பானைத் தண்ணியே வெதுவெதுன்னு இருக்கு"ன்னேன். "புழுக்கமா இருக்கற நாள்ல பானை குளிராது சார், காத்துல ஈரம் இருந்தா பானைல கசியற தண்ணி காயாதுல்ல"ன்னாங்க. அப்படியே நின்னுட்டேன். பானைக்கு எப்படியோ அப்படித்தானே நம்ம உடம்புக்கும். வேர்வை வழியறதால உடம்பு ஆறறதில்ல, அது காத்துல காயறதாலதான் ஆறும். காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சிருந்தா வேர்வை சொட்டுமே தவிர காயாது, சூடு உள்ளயே நிக்கும்.

இதை அளக்கறதுக்கு பெரிய மெஷின் வேணாம். ஒரு தெர்மாமீட்டரோட குமிழ்ல பழைய வேட்டித் துணிய சுத்தி ரப்பர் பேண்டு போட்டு, துணி நுனிய வெட்டின வாட்டர் பாட்டில்ல முக்கி, நிழல்ல மாட்டி அட்டையால விசிறி விட்டா போதும். பக்கத்துல துணி சுத்தாத இன்னொண்ணு. மறு வாரம் அப்படி மாட்டினப்போ காய்ஞ்சது 36, ஈரத்துணி 29. 42 டிகிரி வறண்ட வெயில்ல இதே ஈரத்துணி 26 பக்கம் நின்னுடலாம். வேலூர் மாதிரி உள்மாவட்டத்து வெயில் லேசுன்னு சொல்ல வரல, ஆனா கடலோரத்து 36 எவ்வளவு மோசம்னு போன்ல வர்ற நம்பர் காட்டாது. ஈரத்துணி கணக்கு 35 ஆச்சுன்னா சும்மா நிழல்ல உக்காந்திருக்கற ஆரோக்கியமான ஆளாலயும் ரொம்ப நேரம் தாங்க முடியாதுன்னு சொல்லுவாங்க, அப்புறம் ஆய்வுக்கூடத்துல இளவயசு ஆளுங்கள வச்சு பார்த்ததுல 31 பக்கத்துலயே உடம்பு சூடு ஏற ஆரம்பிச்சிருக்கு. எங்க ஆளுங்க உக்காந்திருக்கல, கம்பி தூக்கறாங்க. ராத்திரி தகர ஷெட்டுல படுக்கறாங்க, அது விடியற வரைக்கும் ஆறறதில்ல, அதனால நேத்து ஏறின சூடு இறங்காமலேயே இன்னைக்கு வேலைக்கு வர்றாங்க.

இதுக்கப்புறம்தான் நிறைய படிச்சேன். 1856லயே அமெரிக்காவுல யூனிஸ் ஃபூட்னு ஒரு அம்மா கண்ணாடிக் குழாய்க்குள்ள தெர்மாமீட்டர் வச்சு வெயில்ல காட்டியிருக்காங்க, கார்பன் டை ஆக்சைடு அடைச்ச குழாய்தான் அதிகமா சூடாச்சு, வெயில்ல இருந்து எடுத்தப்புறமும் ஆற பல மடங்கு நேரம் ஆச்சு. ஹவாய்ல மௌனா லோவா மலைமேல 1958ல அளக்க ஆரம்பிச்சப்போ காத்துல அந்த வாயு பத்து லட்சத்துல 315 பங்கு, இப்போ 420 தாண்டியாச்சு. அந்த வாயு கூடக் கூட காத்து சூடாகுது, காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்தை வச்சுக்க முடியும். அக்கா சொன்ன புழுக்கம் இங்க இருந்துதான் கூடுது.

எங்க சைட் இன்ஜினியர் தம்பி ஒருநாள் "சார், பூமி சூடாகறதுக்கு சூரியனே காரணமோ என்னவோ"ன்னான். நல்ல கேள்விதான். சூரியனால சூடானா வளிமண்டலத்தோட மேலடுக்கும் சேர்ந்து சூடாகணும், ஆனா அளந்து பார்த்தா கீழ சூடாகுது, ஸ்ட்ராட்டோஸ்பியர்னு சொல்ற அந்த மேலடுக்கு குளிருது, போர்வை போர்த்தினா உள்ள சூடு, வெளிய ஜில்லுன்னு இருக்கற மாதிரி.

அவனுக்கு சொல்லும்போதே என்னை உறுத்தினது எங்க கையில இருக்கற சிமெண்டு. சுண்ணாம்புக்கல்லை 1,400 டிகிரிக்கு மேல சுடறப்போ எரிக்கற நிலக்கரிப் புகை ஒருபக்கம், அந்தக் கல்லுல இருந்தே வெளிய வர்ற கார்பன் டை ஆக்சைடு இன்னொரு பக்கம், உலகத்துல வெளியாகற மொத்தத்துல சுமார் 8 சதவீதம் சிமெண்டுதான். சுட்ட கல்லைக் குறைச்சு சாம்பல் கலந்த சிமெண்ட் எங்கெல்லாம் போடலாமோ அங்க போடுங்கன்னு இப்போ டிசைன் மீட்டிங்ல கேக்கறேன். முன்னாடி அது என் வேலை இல்லன்னு இருந்தேன்.

ஷிப்டை மாத்தறதுதான் பெரிய பாடு. காலைல அஞ்சரைக்கு ஆரம்பிச்சு பதினொன்னுக்கு நிறுத்தி, திரும்ப நாலு மணிக்குன்னு கேட்டோம். கேட்டோம்னா நான் மட்டும் இல்ல, நான் தனியா எழுதின ரெண்டு லெட்டருக்கும் பதிலே வரல, மேஸ்திரிங்களும் கம்பி ஆளுங்களும் சித்தாளுங்களும் சேர்ந்து ஆபீஸ் வாசல்ல வந்து நின்னப்புறம்தான் பேச்சு நகர்ந்துச்சு. ஒத்துக்கிட்டதும் அடுத்த பிரச்சனை, பக்கத்து அபார்ட்மெண்ட்ல இருந்து புகார், விடியக்காலைல சத்தம்னு. அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது, தூங்கற நேரம். அசோசியேஷன் மீட்டிங்குக்கு அந்த ரெண்டு தெர்மாமீட்டரையும் எடுத்துட்டு போய் மேஜை மேல வச்சு, பையன் விழுந்த கதைய சொன்னேன். ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தங்கதான் முதல்ல பேசினாங்க, "ஏழு மணி வரைக்கும் கட்டர் ஓட்டாதீங்க, சத்தமில்லாத வேலைய பாருங்க, நாங்க பொறுத்துக்கறோம்"னு. மோரும் கொடுத்து விடறாங்க இப்போ.

அந்த வருஷம் அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலைய மாநிலப் பேரிடரா அறிவிச்சுது, இறந்தா குடும்பத்துக்கு 4 லட்சம். நல்லதுதான், ஆனா என்னை மாதிரி ஆளுங்க காரணத்தை மயக்கம், பசி, நெஞ்சுவலின்னு எழுதிட்டே இருந்தா அந்தப் பணம் யாருக்குப் போய் சேரும், எத்தன பேர் செத்தாங்கன்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிஞ்ச சேஃப்டி ஆளுங்க எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்றேன், வெயில்னா வெயில்னு எழுதுங்க. அந்தப் பழைய ரிப்போர்ட்டை திருத்தி எழுதி கொடுத்துட்டேன், சண்டை போட்டுத்தான்.

இப்போ சைட் கேட் பக்கத்துல ஒரு கரும்பலகை இருக்கு, மணிக்கொரு தரம் ஈரத்துணி நம்பர் எழுதணும். 28 வந்தா மேல்தளத்துல கம்பி வேலை நிறுத்தம்னு நாங்களா வச்ச கணக்கு. துணி நனைக்கறது பானை அக்கா. நேத்து பத்தே காலுக்கு நான் ஆபீஸ்ல எதையோ தேடிட்டு இருந்தேன், சாக்பீஸோட வந்து வாசல்ல நின்னாங்க. "28 ஆயிடுச்சு சார், நான் மேல ஆளுங்கள இறங்கச் சொல்லிட்டேன்."