டிவோர்ஸ் நடக்கும்போதே கிரீன் கார்டையும் காப்பாத்தின கதை

அமெரிக்கா வந்து ஒரு வருஷத்துல கலிஃபோர்னியால டிவோர்ஸ் பேச்சு ஆரம்பிச்சப்ப என் கையில இருந்தது கல்யாணத்தால கிடைச்ச ரெண்டு வருஷ கண்டிஷனல் (தற்காலிக) கிரீன் கார்டு மட்டும்தான். அது முடியறதுக்கு முந்தின 90 நாளுக்குள்ள ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஐ-751 (அந்தக் கண்டிஷனை நீக்கக் கேக்கற விண்ணப்பம்) ஃபைல் பண்ணணும், என் வீட்டுக்காரர் போடமாட்டேன்னுட்டார், சரி எல்லாம் முடிஞ்சுதுன்னு பெட்டி கட்டவே ஆரம்பிச்சுட்டேன்.

இதுல வீட்ல வேற, டிவோர்ஸ் வேணாம்டி, அனல்மென்ட் போடு, கல்யாணமே செல்லாதுன்னு ஆயிட்டா நாளைக்கு இன்னொரு இடம் பாக்க சுலபமா இருக்கும்னு அம்மா ஒரே அழுகை. முதல்ல பாத்த வக்கீல் ஃபேமிலி கேஸ் மட்டும் பண்றவர், விசாவைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, போடலாமேன்னு சொல்லிட்டார். நல்லவேளை கையெழுத்துக்கு முன்னாடி ஃபேமிலி, இமிக்ரேஷன் ரெண்டும் பாக்கற ஒரு மேடம் கிடைச்சாங்க. அவங்க கேட்ட முதல் கேள்வியே "கார்டு என்னைக்கு எக்ஸ்பயர் ஆகுது?" அனல்மென்ட்டுக்கு மோசடி மாதிரி ஏதாவது காரணம் காட்டணுமாம், ஃபேமிலி கோர்ட்ல மோசடிக் கல்யாணம்னு எழுதிட்டு இமிக்ரேஷன்ல போய் உண்மையான கல்யாணம்னு எப்படிம்மா சொல்லுவேன்னாங்க. எனக்கு கை நடுங்கிடுச்சு. இங்க டிவோர்ஸுக்கு ஒத்துப்போகலன்னாலே போதும், யார் மேலயும் பழி போட வேண்டாம், ஆனா டிவோர்ஸ் பேப்பரை அவர்கிட்ட முறைப்படி சேர்த்ததுலேந்து குறைஞ்சது 6 மாசம் ஆகும்.

டிவோர்ஸ் தீர்ப்பு கையில வந்தா வேவர் (அவர் கையெழுத்து வேண்டாம்ங்கற விலக்கு) கேட்டு நாம மட்டும் தனியா ஐ-751 போடலாம், அதுக்கு அந்த 90 நாள் கணக்கெல்லாம் கிடையாது. உண்மையான கல்யாணம்தான்னு காட்ட லீஸ், ஜாயின்ட் அக்கவுன்ட், டாக்ஸ் ரிட்டர்ன் எல்லாம் குடுத்தேன். போட்டோவெல்லாம் கோவத்துல அழிச்சுட்டேன், தங்கச்சி போன்லேந்து தேடி எடுத்தோம் (தயவுசெஞ்சு யாரும் அழிச்சுடாதீங்க). கவுன்சிலிங் போன பில்லை வெக்கப்பட்டு மறைச்சு வெச்சிருந்தேன், மேடம் அதைத்தான் முன்னாடி வெச்சாங்க, வாழணும்னு முயற்சி பண்ணதுக்கு இதைவிட என்னம்மா சாட்சி வேணும்னாங்க. அன்னைக்குத்தான் நான் முதல் தடவையா அழுதேன்.

கார்டு முடிய 3 வாரம் இருக்கும்போது தீர்ப்பு வந்துச்சு, மறுநாளே ஃபைலிங். ரசீது லெட்டர்லயே கார்டுக்கு 48 மாச நீட்டிப்பு இருந்ததால வேலைக்கு ஒண்ணும் பிரச்சினை வரல. அப்புறம் ரொம்ப நாள் கழிச்சு இன்டர்வியூ, அந்த ஆபீசர் அதிக நேரம் கேட்டதும் கவுன்சிலிங் பத்தித்தான். பத்து வருஷ கார்டு போன வாரம் தபால்ல வந்துச்சு. சிட்டிசனோட கல்யாண வாழ்க்கையில இருக்கறவங்களுக்கான 3 வருஷ சிட்டிசன்ஷிப் சலுகை இனி எனக்கு இல்ல, 5 வருஷ கணக்குதான், இருக்கட்டும்.