மூளைப் படமும் மனச்சாய்வு மதிப்பெண்ணும்

ஒருவர் வெளியே சொல்லாத மனச்சாய்வை விசை தட்டும் வேகத்தை வைத்து அளப்பது ஐஏடி சோதனை. அதில் உட்காருபவருக்கு வேலை ரொம்பச் சின்னது. விசைப்பலகையில் இடது விரல் ‘ஈ’ (E) விசையில், வலது விரல் ‘ஐ’ (I) விசையில். திரையில் ஒரு முகமோ சொல்லோ வரும். அது சேரும் பக்கத்து விசையைத் தட்ட வேண்டும். தப்பினால் சிவப்பில் பெருக்கல் குறி. ‘வெள்ளையர் முகம் – நல்ல சொல்’ ஒரே விசையில் இருக்கும்போது எவ்வளவு வேகம், ‘கறுப்பர் முகம் – நல்ல சொல்’ ஒரே விசைக்கு வரும்போது எவ்வளவு தாமதம் என்பதுதான் கணக்கு. 1998-இல் உளவியலாளர் கிரீன்வால்டின் குழு கொண்டுவந்த முறை இது.

மதிப்பெண் போடும்போது 10,000 மில்லிசெகண்டைத் தாண்டிய பதில்களைக் கழித்துவிடுவார்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் 300 மில்லிசெகண்டுக்குள் தட்டியவர், படிக்காமலே தட்டியிருக்கிறார். அவரை முழுசாக விலக்க வேண்டியதுதான். எந்த இணை முதலில் வருகிறதோ அதற்குச் சலுகை கிடைக்கும். அதனால் பாதிப் பேருக்கு வரிசையை மாற்றுவது வழக்கம். சராசரிக்கு அது சரி. ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைத் தேடும்போது வரிசையே ஒரு வித்தியாசமாகப் புகுந்துவிடும்.

இதை மூளையோடு இணைத்தது 2000-இல் வெளிவந்த ஃபெல்ப்ஸ் குழுவின் ஆய்வு. அமெரிக்க வெள்ளையர்களுக்கு முன்பின் தெரியாத முகங்களைக் காட்டி எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளையின் எந்தப் பகுதி செயல்படுகிறது என்று காட்டும் படம், எடுத்தார்கள். கறுப்பர் முகத்துக்கு, அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதி கூடுதலாகச் செயல்பட்ட அளவு ஐஏடியோடு ஒத்துப்போனது. கேள்வித்தாளில் அவர்களே சொன்ன கருத்தோடு ஒத்துப்போகவில்லை. பிரபலமான, மதிப்புக்குரிய கறுப்பர் முகங்களில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. 2004-இல் கனிங்ஹாம் குழு முகத்தை 30 மில்லிசெகண்டு மட்டும் காட்டியபோது அமிக்டலா வித்தியாசம் பெரிதாக இருந்தது. 525 மில்லிசெகண்டு காட்டினால் அது குறைந்து, மூளையின் நெற்றிப்பக்கப் பகுதிகள் வேலைக்கு வந்தன.

அழகான முடிவுகள்தான். ஆனால் இரண்டிலும் பங்கேற்றவர்கள் 20 பேர்கூட இல்லை. அமிக்டலாவோ பாதாம் பருப்பளவு. பக்கத்தில் காற்றறைகள் இருப்பதால் சமிக்ஞை சிதையும். போதாததற்கு, அது அச்சத்துக்கு மட்டுமல்ல, புதுமைக்கும் துள்ளும்.

பெரிய சிக்கல் நம்பகத்தன்மை, அதாவது மறுபடி அளந்தாலும் அதே எண் வருமா என்பது. அதே ஆள் மறுபடி ஐஏடி செய்தால் இரண்டு மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு (முழுப் பொருத்தம் என்றால் 1) ஏறக்குறைய 0.5. எஃப்எம்ஆர்ஐ எடுக்கும்போது கொடுக்கும் பணிகளின் நம்பகத்தன்மைக்கு 2020-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது சுமார் 0.4. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.45. அதாவது மூளையும் சாய்வும் உண்மையில் நூற்றுக்கு நூறு பொருந்தினாலும் தாளில் கிடைக்கக்கூடியது அவ்வளவுதான். சின்னக் கூட்டத்தில் 0.7, 0.8 என்று வந்தால் மகிழ வேண்டாம். மூளைப் படத்தில் ஒட்டுறவு அதிகமுள்ள புள்ளிகளைப் பொறுக்கியெடுத்து, அவற்றிலேயே மறுபடி அளந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

சும்மா இருக்கும்போது தலையில் மின்முனை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதியும் ஓய்வுநிலை ஈஈஜி மலிவு, ஆட்களையும் அதிகம் சேர்க்கலாம். கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்காரவைத்தால் சிலர் தூங்கிவழிவார்கள், தீட்டா என்னும் மெதுவான மூளையலை ஏறும். சாய்வோடு தொடர்புள்ள தீட்டா என்று எழுதப்போவது சாப்பாட்டுக்குப் பிந்தைய மயக்கமாக இருக்கலாம். எல்லாரையும் ஒரே நேரத்துக்கு வரவழைப்பது நல்லது. இன்னொன்று: மின்முனை தலைத்தோலில் படிய வேண்டும். அடர்ந்த சுருள்முடி, இறுக்கப் பின்னிய சடை என்றால் ஜெல் உள்ளே இறங்காது, மின்தடை குறையாது, பதிவு கழிக்கப்படும். இனச் சாய்வை அளக்கும் ஆய்விலேயே கறுப்பர்கள் இப்படி உதிர்ந்துபோகிறார்கள். ‘பதிவு தரமில்லை’ என்ற ஒரு வரியில் அது மறைந்துவிடுகிறது.