கழற்றிய முழங்கால் பிளாஸ்டிக்கைச் சோதித்த அனுபவம்

செயற்கை மூட்டுகள் பற்றிய ஆய்வுப் படிப்பில் எனக்குக் கிடைத்த வேலை, மறு அறுவை சிகிச்சையில் கழற்றிய பிளாஸ்டிக் பாகங்களைச் சோதிப்பது. தொடை எலும்பில் பொருத்தும் உலோகத்துக்கும் கீழ்க்கால் எலும்பின் மேல் வைக்கும் உலோகத் தட்டுக்கும் நடுவில் உட்காரும் துண்டு அது. இன்செர்ட் என்போம். மூட்டு மாற்று என்றதும் டாக்டரின் கைராசி, நோயாளியின் எடை என்று பேச்சு போய்விடுகிறது. அந்தப் பிளாஸ்டிக் எப்படித் தயாரானது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

துண்டுகள் நோயாளியின் பெயர் இல்லாமல், குறியீட்டு எண்ணோடு வரும். கிருமி நீக்கிக் கழுவியதும் ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். இந்தப் பிளாஸ்டிக் ஒரு வகைப் பாலிஎத்திலீன். கிருமிநீக்கத்துக்காகக் கதிர்வீச்சு பட்டிருந்தால், உடலை விட்டு வந்த பிறகும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரியும். வெளியே விட்டுவைத்தால் உடலுக்குள் நடந்த சேதம் எது, அலமாரியில் நடந்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

முதலில் கண்ணால் பார்க்கும் வேலை. உருளைக்கட்டியிலிருந்து கடைந்து எடுத்த துண்டில், தேயாத ஓரங்களில் கருவியின் மெல்லிய வளைகோடுகள் அப்படியே இருக்கும். அச்சில் நேரடியாக அழுத்தி வார்த்ததில் அந்தக் கோடுகள் இருக்காது, வழவழவென்று இருக்கும். அடிப்புறத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். தட்டில் திருகுத் துளை இருந்தால், சில துண்டுகளின் அடியில் அந்தத் துளைக்கு நேராகப் பிளாஸ்டிக் சின்ன மேடாகப் பிதுங்கியிருக்கும். சுற்றியுள்ள பகுதி மட்டும் தேய்ந்து பளபளக்கும். தட்டின் பூட்டு இறுக்கமாக இல்லாமல் துண்டு உள்ளே அசைந்துகொண்டே இருந்தால் இப்படி ஆகும். எக்ஸ்ரேயில் இது தெரியாது.

இந்தப் பிளாஸ்டிக் உருகினாலும் ஓடாது. மூலக்கூறு எடை சில மில்லியன் என்பதால், வாளியும் குடமும் செய்வது போல ஊசி வார்ப்பில் செலுத்த முடியாது. பொடியாக வருவதைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்க வேண்டும். சரியாக ஒன்றாகாத இடத்தில் பொடித் துகள்களின் எல்லை அப்படியே நிற்கும், விரிசல் அங்கிருந்து கிளம்பலாம். முன்பு கால்சியம் ஸ்டியரேட் என்ற சேர்மானமும் கலப்பார்கள். அது இந்த எல்லைகளில் சேர்ந்து ஒட்டுதலைக் கெடுக்கிறது என்று தெரிந்த பிறகு மருத்துவப் பொடியில் அதைக் கைவிட்டார்கள்.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது கிருமிநீக்கம்தான். 1990களின் நடுப்பகுதி வரை பல துண்டுகளைக் காற்று புகும் பொதியில் வைத்தே 25 முதல் 40 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) வரை காமா கதிர் பாய்ச்சினார்கள். கதிர் கிருமியைக் கொல்லும். கூடவே பாலிஎத்திலீனின் நீண்ட மூலக்கூறு சங்கிலிகளை அறுத்து, எளிதில் வினைபுரியும் ஃப்ரீ ராடிக்கல்களை விட்டுச் செல்லும். ஆக்சிஜன் அவற்றோடு சேரச் சேரச் சங்கிலி இன்னும் குட்டையாகி, பொருள் நொறுங்கும் தன்மைக்கு வரும். பெட்டி பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கும்போதே இது ஆரம்பித்துவிடும்.

அதை நேரில் பார்த்தது மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில். பழைய துண்டு ஒன்றைக் காகிதம் போல மெல்லிய சீவல்களாகச் சீவி வெளிச்சத்தில் பிடித்தேன். மேற்பரப்புக்குச் சற்றே கீழே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு பட்டை. கத்தி அந்த இடத்தைத் தொட்டதும் சீவல் பொடிந்து உதிர்ந்தது. முழங்காலில் தொடர்பு பரப்பு சிறியது, சுமை அழுத்தம் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழேதான் உச்சத்துக்குப் போகும். பலவீனமும் கிட்டத்தட்ட அதே ஆழத்தில் இருந்தால் மேல் அடுக்கு படலமாக உரிந்து வராமல் என்ன செய்யும்?

சீவல்களை அப்புறம் ஹெப்டேன் என்ற கரைப்பானில் கொதிக்க வைத்து, உடலிலிருந்து ஊறிய கொழுப்பை நீக்குவோம். இதைத் தவிர்க்கவே கூடாது. கொழுப்பும் அகச்சிவப்பு நிறமாலையில் ஆக்சிஜனேற்றம் போலவே தெரியும். நிறமாலையில் 1720 அலை எண்ணுக்கு அருகில் வரும் கார்பனைல் உச்சியை (ஆக்சிஜன் சேர்ந்ததன் அடையாளம்) 1370இல் வரும் பாலிஎத்திலீனின் சொந்த உச்சியோடு ஒப்பிட்டால் ஆக்சிஜனேற்றக் குறியீடு கிடைக்கும். வெள்ளைப் பட்டை இருந்த இடத்தில்தான் வரைபடம் செங்குத்தாக ஏறியது.

இப்போது நைட்ரஜன், ஆர்கான் அல்லது வெற்றிடப் பொதியில் வைத்துக் கதிர் பாய்ச்சுகிறார்கள், இல்லையென்றால் எத்திலீன் ஆக்சைடு வாயு பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் பொதி சரியாக இருக்க வேண்டுமே. ஆக்சிஜனைத் தடுக்கும் ஒரு அடுக்கு பையில் விடுபட்டது என்பதற்காக 2022இல் அமெரிக்காவில் முழங்கால் இன்செர்ட்டுகள் திரும்பப் பெறப்பட்டன.

கூடுதல் கதிரால் சங்கிலிகளை ஒன்றோடொன்று கோத்த, அதாவது குறுக்குப் பிணைப்பு ஏற்றிய வகை தேய்மானத்தைக் குறைக்கிறது, ஆனால் விரிசலைத் தாங்கும் வலு குறைகிறது. எஞ்சிய ஃப்ரீ ராடிக்கல்களைப் போக்க உருக்கினால் படிகத்தன்மை இறங்கி வலு குறையும். உருகுநிலைக்குக் கீழே சூடாக்கினால் ராடிக்கல் கொஞ்சம் மிஞ்சும். ராடிக்கல்களை அடக்கும் வைட்டமின் ஈ சேர்ப்பது இந்த இக்கட்டிலிருந்து வெளியேற வந்த வழி, எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் முழங்காலில், குறிப்பாக நடுவில் தூண் உள்ள வடிவங்களில், தேய்மானத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

எங்களுக்கு வந்தவற்றில் சில துண்டுகளுக்குத் தயாரிப்புத் தொகுதி எண் இல்லை. என்ன பொடி, எந்த வகைக் கிருமிநீக்கம், எவ்வளவு காலம் அலமாரியில் இருந்தது, எதுவும் எழுத முடியவில்லை. இந்த விவரங்களுக்கு வழிகாட்டும் ஸ்டிக்கர் இன்செர்ட் பெட்டியோடு வரும், மருத்துவமனைக் கோப்பில் ஒட்டுவார்கள். மூட்டு மாற்று செய்துகொள்பவர்கள் டிஸ்சார்ஜ் ஆகும்போது அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.