எளிதில் வயிறு கெடும் நாயை எதைக் கொடுத்துப் பழக்குவது?

கோம்பை நாய்க்கு வயிறு கெடும் என்று சொன்னால் கம்பம் பள்ளத்தாக்கில் நம்புகிறவர்கள் குறைவு. காவலுக்குப் பெயர்போன இனம், தோட்டத்தில் கிடந்து கூழையும் எலும்பையும் தின்று வளர்ந்தது, அதற்கு எதுவும் செரிக்கும் என்பதுதான் எங்கள் பக்கத்து எண்ணம். எங்கள் செவலைக்கு அப்படி இல்லை. 20 கிலோ எடையும் நல்ல ஓட்டமும் உள்ளவன்தான். ஆனால் சோற்றில் எண்ணெய் கொஞ்சம் கூடினாலோ, யாராவது அன்பாகப் பால் ஊற்றிவிட்டாலோ, மறுநாள் காலையில் மலம் சளி படர்ந்து இளகிப்போய்விடும். எங்கள் வீடோ குமுளிக்குப் போகும் சாலையை ஒட்டியது. இரவும் பகலும் லாரிகள் ஓடும் சாலை அது. கூப்பிட்டால் திரும்பி வரவும், நில் என்றால் நிற்கவும் தெரியாத நாய் இங்கே நீண்ட நாள் பிழைக்காது. பழக்குவதற்குத் தீனி வேண்டும், தீனியோ வயிற்றைக் கெடுக்கிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்காக, படித்தும் கால்நடை மருத்துவரிடம் கேட்டும் வீட்டில் செய்து பார்த்தும் நான் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

பயிற்சித் தீனியும் சாப்பாடுதான். அன்றைய சாப்பாட்டுக் கணக்கிலிருந்தே அதை எடுக்க வேண்டும் என்பதே இதில் எனக்கு முக்கியமாகப்படுவது. கருத்தடை செய்த, 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,050 கலோரி தேவைப்படும். ஓட்டமும் வேலையும் அதிகமிருந்தால் அது கூடும். தீனியாகக் கொடுப்பது அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. அப்படியானால் செவலைக்கு 100 கலோரிதான். மேரி வகை பிஸ்கட் ஒன்றில் ஏறக்குறைய 25 கலோரி இருக்கிறது. நான்கு பிஸ்கட்டோடு அவன் பங்கு தீர்ந்துபோகும், அதிலும் பெரும்பகுதி மைதாவும் சர்க்கரையும்தான். தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியிலோ அதே 100 கலோரிக்கு 60 கிராம் கிடைக்கும். ஒரு கிராம் துண்டுகளாக நறுக்கினால் 60 முறை பாராட்டலாம், அரை கிராமாக நறுக்கினால் 120 முறை. துண்டு பெரிதா சிறிதா என்பதை நாய் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. சொன்னதைச் செய்த அந்த நொடியிலேயே வாய்க்கு ஏதாவது வந்ததா, அதில் மணம் இருந்ததா என்பதைத்தான் கவனிக்கிறது. கடித்து நொறுக்கி, கீழே சிந்திய தூளை நக்கி முடிக்கும் வரை காத்திருக்க வைக்கும் கடினமான பிஸ்கட்டுகள் இதனாலேயே பயிற்சிக்கு உதவுவதில்லை. எதற்காகத் தீனி கிடைத்தது என்பதே அதற்குள் நாய்க்கு மறந்துவிடுகிறது.

வயிறு கெடுவதிலும் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கொழுப்போ, பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸோ செரிக்காமல் கழிவது ஒன்று. உடலின் எதிர்ப்பாற்றல் ஒரு புரதத்தையே பகையாக எடுத்துக்கொள்ளும் ஒவ்வாமை மற்றொன்று. அது பெரும்பாலும் தோலில்தான் தெரியும். ஓயாமல் பாதங்களை நக்குவது, காது திரும்பத் திரும்பச் சீழ் பிடிப்பது, காலம் பாராமல் சொறிவது ஆகியவை கழிச்சலோடு சேர்ந்து வந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். உணவு ஒவ்வாமை உள்ள 297 நாய்களின் பதிவுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 34 விழுக்காடு நாய்களுக்கு மாட்டிறைச்சியும், 17 விழுக்காட்டுக்குப் பால் பொருள்களும், 15 விழுக்காட்டுக்குக் கோழியும், 13 விழுக்காட்டுக்குக் கோதுமையும் காரணமாக இருந்தன. வயிற்றுக்கு இதமானது என்று நாம் முதலில் எடுக்கும் கோழிக்கறியே சில நாய்களுக்கு ஆகாததாக இருக்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். சந்தேகத்துக்குரிய உணவுகளை எட்டு வாரம் விலக்கிப் பார்க்கும் விலக்குணவுச் சோதனையை மருத்துவர் செய்யச் சொல்லியிருந்தால், அந்த எட்டு வாரமும் அவர் சொன்ன உணவைத் தவிர ஒரு துண்டும் உள்ளே போகக் கூடாது. மாட்டிறைச்சி மணம் சேர்த்த பூச்சி மாத்திரைகூட அந்தச் சோதனையைக் கெடுத்துவிடும். அந்தக் காலத்தில் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த உலர் உணவையே எண்ணிக் கையில் வைத்துக்கொள்ளலாம். அதை நாய் சட்டை செய்யாவிட்டால், வெந்நீரில் ஊறவைத்து அரைத்து, தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல் தட்டி வாட்டித் துண்டு போட்டால் மணம் கூடி, பழைய உணவே புதிய தீனியாகிவிடும்.

செவலைக்கு ஒவ்வாமை இல்லை, கொழுப்பும் பாலும்தான் ஆகாது என்று தெளிவான பிறகு கோழி நெஞ்சுக்கறியே எங்கள் வீட்டில் முதன்மைத் தீனியாயிற்று. உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு எதுவும் சேர்க்காமல் வெறும் நீரில் உள்வரை வேகவைத்து, நன்றாக ஆறவிடுவேன். சூட்டோடு கத்தி வைத்தால் கறி நாராகப் பிரியும். ஆறிய பிறகு நாருக்குக் குறுக்காக வெட்டினால் கடலைப்பருப்பு அளவில் சதுரமாக வந்து, நாயின் நாக்கில் பட்டதும் மெல்லாமலே தொண்டைக்குள் இறங்கிவிடும். நறுக்கியதை ஒரு வெள்ளைத்துணியில் பரப்பி ஈரம் ஒற்றி, வெறும் தோசைக்கல்லில் சிறு தணலில் சில நிமிடம் புரட்டினால் இடுப்புப் பையில் ஒட்டாது, விரலிலும் பிசுபிசுக்காது. ஒவ்வொரு நாள் பங்கையும் தனித்தனிச் சிறு டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுக்கிறேன். நம் ஊர் வெயிலில் வெந்த கறி பையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கெட்டுவிடும். மிச்சத்தை மீண்டும் உள்ளே வைத்து மறுநாள் கொடுப்பது, கழிச்சலுக்கு நாமே வழி செய்வதாகும்.

கோழிக்கறி ஆகாத நாய்க்கு வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு மாற்றாக இருக்கலாம். ஒரு முட்டையின் வெள்ளையில் ஏறக்குறைய 17 கலோரிதான், கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். ஆகவே கணைய அழற்சி வந்து தேறிய நாய்களுக்குத் தீனி கேட்டால் மருத்துவரிடம் நான் முதலில் இதைப் பற்றித்தான் கேட்கச் சொல்வேன். முள் நீக்கிய ஜிலேபி மீனும் பயன்படும். கருவாடு வேண்டாம், உப்பு மிக அதிகம். வீட்டுக்குள் செய்யும் எளிய பயிற்சிக்கு ஆவியில் வெந்த சீனிக்கிழங்கும் சர்க்கரைப் பூசணியும் போதும். பூசணியின் நார் இளகிய மலத்தை ஓரளவு கட்டவும் உதவுகிறது, ஆனால் கிழங்கு மிகுந்தால் வாயு சேரும்.

சாலையோரத்தில் லாரி இரையும்போது கிழங்குத் துண்டைக் காட்டினால் எந்த நாயும் திரும்பிப் பார்க்காது. அங்கே மணம் வேண்டும். கோழி ஈரலுக்கு இருக்கும் மணம் வேறு எதற்கும் இல்லை, ஆனால் அது செறிவு மிகுந்த உணவு. கொஞ்சம் கூடினாலும் இளக்கிவிடும். இதற்கு ஒரு வழி உண்டு: வேகவைத்து வாட்டிய ஈரலில் சிறு துண்டைத் துணியில் முடிந்து, வழக்கமான கறித் துண்டுகள் இருக்கும் டப்பாவில் போட்டு இரவு முழுதும் குளிர்பெட்டியில் வைத்தால், மணம் எல்லாத் துண்டுகளிலும் ஏறிவிடும், ஈரல் வயிற்றுக்குள் போவதே இல்லை.

இனி, இங்கே எல்லோரும் கொடுப்பவை. அப்பத்தாவின் கையில் எப்போதும் பால் டம்ளர் இருக்கும். "ஏத்தா, வாயில்லாச் சீவன், ஒரு வாய் பால் குடிச்சா என்ன வந்துறப்போகுது?" என்பார். குட்டிப் பருவம் தாண்டியதும் பல நாய்களுக்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது என்பதும், செரிக்காத சர்க்கரை குடலில் நீரை இழுத்து நொதித்துப் பேதியாகிறது என்பதும் அவரிடம் எடுபடவில்லை. "பாலு வேணாம் அப்பத்தா, இந்தா, இத நீங்க குடுங்க. உக்காருன்னு சொல்லிட்டுக் குடுங்க" என்று கிழங்குத் துண்டு டப்பாவை அவரிடமே ஒப்படைத்த பிறகுதான் பால் நின்றது. இப்போது செவலை அப்பத்தா சொன்னால் உட்காருகிற அழகே தனி. கொடுக்கும் ஆசை உள்ளவரிடம் கொடுக்காதே என்பதைவிட, கொடுக்கத் தக்கதைக் கையில் தருவது பலிக்கிறது.

குமுளி போய்வரும் உறவினர்கள் கொண்டுவரும் நேந்திரங்காய் சிப்ஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான், கூடவே உப்பு. அங்கே கடைகளில் விற்கும் சாக்லேட் நாய்க்கு நஞ்சு. குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய கறியும் ஆகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை, அவற்றின் சாறு கறிக்குள் இறங்கியிருக்கும், கழுவினால் போகாது.

எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது எங்கள் மண்ணின் பெருமையான பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பந்தலுக்கடியில் நடந்தால் காலடியில் உதிர்ந்து கிடக்கும், பிள்ளைகள் ஒன்று தாங்கள் தின்று ஒன்றை நாய்க்குப் போடுவார்கள். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தை அழிக்கக் கூடியவை. ஒரு கொத்துத் தின்றும் தப்பிய நாய் உண்டு, சில பழங்களிலேயே சிறுநீரகம் செயலிழந்த நாயும் உண்டு. இத்தனை பழம் வரை பரவாயில்லை என்ற அளவே கிடையாது. திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் கால்நடை நச்சியல் வல்லுநர்கள் 2021இல் எழுதினார்கள். அந்த அமிலத்தின் அளவு திராட்சையின் வகைக்கும் பழுத்த பருவத்துக்கும் ஏற்ப மாறுவது, ஒரு நாய்க்குப் பாதிப்பு வந்து இன்னொன்றுக்கு வராததற்கு விளக்கம் தருகிறது. அதே அமிலம் புளியில் மிகுதி. ஆகவே புளி ஊற்றிய மீன்குழம்புச் சோறும் நாய்க்கு வேண்டாம். திராட்சை தின்றதைப் பார்த்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். முதல் சில மணி நேரத்தில் அவர் வாந்தி எடுக்கவைத்துக் காப்பாற்ற வழியிருக்கிறது, மறுநாளுக்குள் சிறுநீரகம் கெடத் தொடங்கிவிடலாம்.

கடையில் வாங்குவதானால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரே இறைச்சியின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். "இறைச்சி மற்றும் விலங்குப் பொருள்கள்" என்று பொதுவாக எழுதியிருந்தால் உள்ளே எது என்று யாருக்கும் தெரியாது, ஒத்துக்கொள்ளாதபோது எதை விலக்குவது என்றும் தெரியாது. மெத்தென்றிருப்பதற்காகக் கிளிசரின் சேர்த்த துண்டுகள் அளவு மீறினால் இளக்கும். சாயம் பூசிய தோல் குச்சிகள் மெல்வதற்கானவை, பயிற்சிக்கு உரியவையே அல்ல. சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பான சைலிட்டால் என்ற சொல் எந்தப் பொட்டலத்தில் இருந்தாலும் நாய் இருக்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். அது நாயின் இரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்துக்குள் வீழ்த்திவிடும், கல்லீரலையும் தாக்கும்.

புதிய பொருள் எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். முதல் நாள் இரண்டு மூன்று துண்டுகள், அதுவும் சாப்பாட்டுக்குப் பின்; அடுத்த மூன்று நாளும் வேறு எதையும் மாற்றாமல் மலத்தைப் பார்க்க வேண்டும். கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் 1 முதல் 7 வரையான அளவையில், எடுத்தால் உருவம் கலையாத, தரையில் தடம் விடாத மலம் 2; வெறும் நீராகப் போவது 7. எங்கள் வீட்டு நாட்காட்டியில் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் இந்த எண்ணையும் அன்று கொடுத்ததையும் குறித்து வைக்கிறோம். ஒரு மாதத்துக் கட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால், நினைவில் தேடுவதைவிட எது ஆகவில்லை என்பது சட்டென்று தெரிகிறது.

இளகியதெல்லாம் தீனியால் என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. புது இடம், வெடிச்சத்தம், முதன்முதலாக வண்டியில் ஏற்றிப் போனது போன்ற பதற்றத்தாலும் பெருங்குடல் அழற்சியுற்றுச் சளியோடு கழியும். லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் கொண்டைஊசி வளைவுகளில் செவலைக்குக் குமட்டும். ஆகவே மலையேறும் நாளில் அவனுக்குத் தீனி கிடையாது, மேலே போய் அவன் தண்ணீர் குடித்து ஓய்ந்த பிறகுதான் பையைத் திறக்கிறேன். குடற்புழுவும், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும்கூட இதே போலத்தான் தெரியும். மலத்தை ஒருமுறை சோதனைக்குக் கொடுத்துவிட்டுத் தீனியைக் குறை சொல்வது நல்லது.

வளர்ந்த நாய் ஒருமுறை இளகியும் துள்ளலாக இருந்தால், தீனியை நிறுத்தி வழக்கமான எளிய உணவோடு ஒருநாள் பார்க்கலாம். மலத்தில் இரத்தம் இருந்தாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, ஈறு வெளிறி ஒட்டினாற்போல் உலர்ந்தாலோ, நாய் எழாமல் சுருண்டு கிடந்தாலோ வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. குட்டியாக இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம், குட்டிகளின் உயிரைப் பறிக்கும் வைரஸ் நோயான பார்வோ அப்படித்தான் தொடங்கும். போகும்போது மலத்தின் படம் ஒன்றையும், கடைசியாகக் கொடுத்த தீனியின் பொட்டலத்தையும், குறித்து வைத்த நாட்காட்டித் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியே என்ன கொடுத்தீர்கள் என்பதாகத்தான் இருக்கும்.